கிடங்கில் நிற்கும் கிரேன்

மார்ச் 4

பாப்பா அப்பாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷமே நம் இருவர் குரலும் ஏறிவிடுகிறது. அடுத்த அறையில் பாப்பா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமலே உட்கார்ந்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் ஒரு விஷயத்தை முடிப்பதற்குள் உங்கள் பதில் நடுவில் வந்து விழுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் தங்கியிருக்கும் லாட்ஜின் முகவரி எனக்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை. உங்கள் லிஃப்ட் கம்பெனி ஆபீஸ் வழியாகத்தான் அனுப்புகிறேன். கைக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன்.

நேற்று நம் கொரியர்காரர் வந்தார். கையில் பெட்டி எதுவும் இல்லை, ஒரே ஒரு காகிதம்தான். "மேடம், சாருக்கு வெளிநாட்டுலேர்ந்து பெருசா ஒண்ணு வந்திருக்கு. ஆனா கஸ்டம்ஸ்ல நிக்குது. வரி கட்டிட்டு, சாரோட அடையாள அட்டை காப்பியும் குடுத்தாத்தான் விடுவாங்க. நாள் ஆக ஆகக் கிடங்கு வாடகை வேற ஏறும்" என்றார். மனுஷன் முகத்தில் அவ்வளவு சங்கடம். இந்த வாசலில் எத்தனை தடவை என்னிடம் வரி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், எத்தனை தடவை நான் அவரை நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் டப்பா டப்பாவாகக் காசு துழாவியிருக்கிறேன் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒவ்வொரு பொம்மை கிரேனுக்கும் விலை மட்டும்தான் சொல்வீர்கள். கப்பல் கூலி தனி, வரி தனி, அந்த வரியைக் கட்டித் தருவதற்குக் கொரியர் கம்பெனி எடுக்கும் கமிஷன் தனி. அதையெல்லாம் வாசலில் வைத்து நான்தான் தெரிந்துகொள்வேன். போன தடவை அப்படிப் போனது பாப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வைத்திருந்த பணம். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுடைய மகள் பழைய பவரோடு இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போனாள். அதைக் கேட்டதற்குத்தான் நீங்கள் பெட்டியைக் கட்டினீர்கள். "வெளியூர் சைட்ல ஆள் கேக்குறாங்க, போறேன்" என்றீர்கள். போய் ஐந்து மாதம் ஆகிறது.

இந்தத் தடவை நான் கட்டப்போவதில்லை. உங்கள் பொருள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

*

மார்ச் 10

பாப்பா அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து நீட்டினார். "என்னப்பா, வக்கீல் நோட்டீஸா?" என்று ஒருத்தன் கேட்டான். வீட்டுக்காரம்மா கடிதம் என்று சொன்னேன். அப்படியென்றால் அதைவிடப் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை, சத்தியமாக. இது சண்டைக்கு ரொம்ப முன்னால், ஒன்றரை வருஷத்துக்கு முன்பு முன்பதிவு செய்தது. டவர் கிரேன். அந்தக் கம்பெனியில் ஆர்டர் எல்லாம் சேர்ந்த பிறகுதான் அச்சு வார்ப்பார்கள். நடுவில் இரண்டு தடவை தேதியைத் தள்ளினார்கள், மூன்றாவது தடவை நானே மறந்துவிட்டேன். பிள்ளை பெறுவதற்கே பத்து மாதம் போதும், இவர்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. அப்போது கொடுத்த விலாசம் நம் வீடுதான், வேறு எதைக் கொடுப்பேன்.

வந்ததும் நீ பார்க்கத்தான் வேண்டும். நிறுத்தினால் உன் தோள் உயரம் இருக்கும். ஊசி மாதிரி ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் கொக்கி நிஜமாகவே இறங்கும். நான் நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்து கம்பி வடத்தைப் பார்க்கிறவன். எனக்கு இதைவிட என்ன ஆசை இருக்கும், நீயே சொல்.

வரி அதிகம் இருக்காது. விற்றவரிடம் 'பரிசுப் பொருள்' என்று எழுதி, விலையையும் குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். நீ இப்போதைக்குக் கட்டிவிடு, சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடுகிறேன். அட்டை காப்பியை இதோடு வைத்திருக்கிறேன். மதிய இடைவேளையில் ஒரு எட்டு போய் கொரியர் ஆபீஸில் கொடுத்தால் வேலை முடிந்தது. உன் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தானே.

கோபம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் கிடங்கு வாடகை நம் கோபத்துக்காகக் காத்திருக்காது. பாப்பாவின் கண்ணாடி இப்போது சரியாக இருக்கிறதா?

*

மார்ச் 16

பாப்பா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நேராக உங்கள் விலாசத்துக்கே அனுப்புகிறேன். லாட்ஜ் பெயர், தெரு, அறை எண், எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைக் கேளுங்கள்.

கட்டப்போவதில்லை என்று எழுதியவள்தான். ஆனாலும் போனேன். ஒன்றரை வருஷம் காத்திருந்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் அப்படியே வைத்துவிட்டு, இடைவேளையில் ஓடினேன்.

கவுண்டரில் ஒரு பெண், பாப்பாவைவிட நாலைந்து வயசுதான் பெரியவளாக இருப்பாள். பார்சலில் ஒட்டியிருந்த விவரத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "இது கிஃப்ட்டா மேடம்? யார் குடுத்தது?" என்று கேட்டாள். நான் உங்கள் அட்டை காப்பியை எடுத்து நீட்டினேன். அவளே திரையை என் பக்கம் திருப்பினாள். "கம்பெனி வெப்சைட்ல இதோட விலை இவ்வளவு போட்டிருக்காங்க. கஸ்டம்ஸ்ல இதை வச்சுத்தான் வரி போட்டிருக்காங்க" என்றாள். அந்த விலையை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சொல்கிற விலை ஒன்று, கஸ்டம்ஸுக்குச் சொன்னது ஒன்று, நீங்கள் உண்மையில் கொடுத்தது ஒன்று. மூன்றையும் எப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறீர்களோ.

சரி, ஆனது ஆகட்டும் என்று பர்ஸைத் திறந்தேன். அதற்குள் அவள் உங்கள் அட்டை காப்பியையும் பார்சல் விலாசத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மேடம், இவர் இந்த அட்ரஸ்ல இல்லையே. கார்டுல வேற ஊர் போட்டிருக்கு" என்றாள்.

நான் காப்பியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் அட்டையில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்து அப்படியே எடுத்துப் போயிருந்தேன். அவள் கையிலிருந்து வாங்கிப் படித்தேன். நம் வீட்டு எண் இல்லை, நம் தெரு இல்லை; லாட்ஜ் பெயரும் அறை எண்ணும்தான் இருந்தன.

"நீங்க அவருக்கு என்ன வேணும் மேடம்?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான், அவள்மேல் தப்பில்லை. சம்சாரம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பணம் கட்டவில்லை. மதியம் ஒரு பெரியவருக்கு ஃப்ரேம் பொருத்தும்போது வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன். முதலாளி என்னை உட்காரச் சொன்னார்.

எப்போது மாற்றினீர்கள்? கோபத்தில் போயிருக்கிறார், கோபம் தணிந்தால் வருவார் என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அக்காவிடம்கூட அப்படித்தான் சொன்னேன். எப்போது மாற்றினீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

*

மார்ச் 21

பாப்பா அம்மாவுக்கு,

நீ இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. அது வெறும் காகிதம்.

இங்கே மாதக் கணக்கில் தங்க வேண்டும் என்றால் உள்ளூர் விலாசத்தில் அட்டை வேண்டும் என்று லாட்ஜ் மேனேஜர் நச்சரித்தார். கேஸ் சிலிண்டர் வாங்கவும் அதுவேதான் வேண்டும் என்றார்கள். வெளியில் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போய், அறையிலேயே சமைக்கலாம் என்று முடிவு செய்திருந்த நேரம். டீ குடிக்கிற இடைவெளியில் போனை எடுத்து நாலு தடவை தட்டினேன், மாறிவிட்டது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மாற்றியதே மறந்துபோய்த்தான் அந்தக் காப்பியை உனக்கே அனுப்பியிருக்கிறேன். மறைக்க நினைத்தவன் அனுப்புவானா? கொஞ்சம் யோசித்துப் பார்.

கொரியர் ஆபீஸுக்கு நானே போன் செய்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். ஒரு வழி இருக்கிறதாம். வீட்டு வாடகை ஒப்பந்தம் உன் பெயரில் இருப்பதால், நான் அங்கேதான் இருக்கிறேன் என்று நீ ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தத்தின் காப்பியையும் வைத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களாம். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதினால் போதும்:

'எனது கணவர் மேற்படி முகவரியில் என்னுடன் தொடர்ந்து வசித்து வருகிறார் என்று இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்.'

கீழே கையெழுத்து, தேதி. இரண்டே வரி. வரிப்பணத்தை இன்றைக்கே உன் கணக்கில் போட்டுவிட்டேன், இந்தத் தடவை முழுசாக. கிடங்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து.

*

மார்ச் 27

பாப்பா அப்பாவுக்கு,

நீங்கள் எழுதித் தந்த வாசகத்தை மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவையும் 'தொடர்ந்து' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஒரு காகிதத்தில் நீங்கள் எங்களோடு இல்லை என்று இருக்கிறது. அதை வெறும் காகிதம் என்கிறீர்கள். எங்களோடு இருக்கிறீர்கள் என்று இன்னொரு காகிதம் வேண்டும் என்கிறீர்கள். அதுவும் வெறும் காகிதம்தானே. முதலாவதை டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டீர்கள். இரண்டாவதில் கையெழுத்துப் போட நான் வேண்டும். அதுவும் ஒரு கிரேனுக்காக.

மறைக்க நினைக்கவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். மறைக்க நினைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மறைக்க வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்காவது நாங்கள் உங்கள் மனசில் ஒரு ஓரத்தில் இருந்திருப்போம். விலாசத்தை மாற்றும்போது எங்கள் ஞாபகமே உங்களுக்கு வரவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாப்பா இரண்டு நாளாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று, "அப்பா கிரேன் வந்தா அப்பாவும் வருவாங்களாம்மா?" என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வி இல்லை அது. பதில் என்ன என்று தெரிந்துகொண்டே, என் வாய் என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

வரியை நீங்களே அனுப்பிவிட்டீர்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேண்டுமானால் கிடங்கு வாடகையை நானே கட்டுகிறேன். ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். உண்மையாக இருந்திருந்தால் ஒன்றுக்குப் பத்தாக எழுதித் தந்திருப்பேன்.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கஸ்டம்ஸுக்குச் சொல்லவேண்டும் என்கிறீர்கள். முதலில் எனக்குச் சொல்லுங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

*

ஏப்ரல் 6

பாப்பா அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கொரியர் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். வாடகை ஏறிக்கொண்டே போகிறதாம். உங்களிடம் கேட்கச் சொல்லிவிட்டேன். இதைத் தெரியப்படுத்தத்தான் எழுதினேன், வேறு ஒன்றுமில்லை.

*

ஏப்ரல் 15

பாப்பா அம்மாவுக்கு,

பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. முதல் இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. என்னையே நியாயப்படுத்தி நாலு பக்கம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, சைட்டில் வேலை முடிக்காத கான்ட்ராக்டர் எழுதுகிற விளக்கக் கடிதம் மாதிரியே இருந்தது. சிமென்ட் வரவில்லை, ஆள் வரவில்லை, மழை பெய்தது. கிழித்துவிட்டேன்.

கிரேன் விஷயம் முடிந்துவிட்டது. கொரியர் ஆபீஸில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, விற்றவருக்கே திருப்பி அனுப்புவது. அவர் போக வரக் கப்பல் கூலியை என் தலையில் கட்டுவார், அதற்குப் புதிதாக இன்னொன்றே வாங்கிவிடலாம். இன்னொன்று, இந்தப் பொருளில் எனக்கு உரிமை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது. கொடுத்தால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும், ஏலம் விடுவார்கள். யார் வீட்டு ஷோகேஸிலாவது நிற்கும். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் என்னமோ பெரிய தியாகம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கிடங்கு வாடகை வரியை நெருங்கிக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அதைக் கைவிட எனக்கு எவ்வளவு வலித்தது என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றைக்கு வேலையில் நாலாவது மாடியில் கதவு பொருத்திக்கொண்டிருந்தோம். கைப்பிடியைச் சுற்றினால் இறங்குமே அந்தக் கொக்கி, அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட இருந்தவன், "என்ன அண்ணே, வீட்டு ஞாபகமா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொன்னேன். பொய்தான் சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான் நிஜமாகவே வீட்டு ஞாபகம் வந்தது. பிறகு அது போகவே இல்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாயே. ஒரு கட்டில், ஒரு சிலிண்டர், சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் சட்டை, இன்னொன்றில் ஹெல்மெட். ஆறு மாதமாக இதைத் தவிர நான் வேறு எதையும் இங்கே வாங்கி வைக்கவில்லை. கிரேனை இந்த ஊருக்கு வரவழைக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அது எதனால் என்று நான் யோசித்ததே இல்லை, நீ கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

இந்த மாதக் கடைசியில் லிஃப்டை ஓட்டிக் காட்டி ஒப்படைக்கிறோம். நம் ஊரில் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் இதைவிடக் குறைவு. கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரவேண்டும் என்று இருக்கிறது. உன்னைக் கேட்காமல் வரமாட்டேன்.

அட்டையை மறுபடி நம் வீட்டு விலாசத்துக்கே மாற்றப் போனேன். இந்தத் தடவை போனில் தட்டினால் நடக்கவில்லை, ஆபீஸுக்கே வரச் சொன்னார்கள். அந்த வீட்டில் இருக்கிறேன் என்பதற்கு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்து கடிதம் வேண்டுமாம். வெளியே போவதற்கு நாலு தட்டு, உள்ளே வருவதற்கு உன் கையெழுத்து. நியாயமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தடவை வாசகம் எதுவும் எழுதி அனுப்பவில்லை. எழுதித் தருவாயா என்று மட்டும் கேட்கிறேன்.

*

ஏப்ரல் 20

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பாப்பா கதவைத் தட்டி, "தண்ணி வீணாகுது" என்றாள். உங்கள் மகள்தான், சந்தேகமில்லை.

கிரேன் போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. நீங்கள் ஆசைப்பட்டது போகவேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதன் வரியை எனக்குச் சொல்லாமல் என் தலையில் வைத்ததுதான் எனக்குப் பிரச்சினை. இனி ஏதாவது வாங்குவதாக இருந்தால் கப்பல் கூலி, வரி, கமிஷன், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று இருவருமாக முடிவு செய்வோம்.

கடிதம் கேட்டிருக்கிறீர்கள். இப்போது தரமாட்டேன். இத்தனை வருஷமும் இந்த வாசலில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். கொரியர்காரர்கள் சட்டம் அப்படி. இந்த ஒரு விஷயத்திலாவது நான் முதலில் பார்த்துவிட்டுப் போடுகிறேன். வேலையை ஒப்படைத்துவிட்டு, லாட்ஜ் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மாதம் இருங்கள். சண்டை வரும், வந்தால் பெட்டியை எடுக்காமல் இருந்து காட்டுங்கள். பிறகு என் கையாலேயே, என் வாசகத்திலேயே எழுதித் தருகிறேன்.

இன்னொன்று, நேற்று நடந்தது. வீட்டு ஓனர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தார். மே முதல் தேதியிலிருந்து தண்ணீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கப் போகிறாராம். "இப்ப நீங்க எத்தனை பேரும்மா இருக்கீங்க? ரெண்டு பேர்தானே?" என்று கேட்டார். நீங்கள் இல்லாதது அவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு என்றால் காசு மிச்சம். தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"மூணு பேர்" என்று சொல்லிவிட்டேன்.

நம்பாத மாதிரி என்னைப் பார்த்தார். பாப்பாவும் பார்த்தாள். இத்தனை நாளாக எழுதிக் கொடுக்கமாட்டேன் என்று நின்ற நான், கேட்ட உடனே வாயால் சொல்லிவிட்டேன். ஓனர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

முதல் தேதிக்குள் வந்துவிடுங்கள்.